பாப்பாவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். நீ வரைந்த ஓவியங்களைத் தம்பி போனில் காட்டினான். கோலாலம்பூரில் கண்காட்சி வைத்தார்களாமே. உன் வாயால் சொல்லிக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். சரி, உனக்கும் வேலை இருக்கும்.

அறைக்குள்ளேயே உட்கார்ந்து வரைகிறாய் என்றான். டர்பன்டைன் வாடை நெஞ்சுக்கு ஆகாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்.

விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, தோட்டத்து லயத்து வீட்டு வாசல், முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துவிட்டு மரம் சீவ நிரைக்குப் போகிறவர்கள், எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்றுதான் தப்பு. ரப்பர் பால்மரத்தில் வெட்டுக் கோடு வலமிருந்து இடமாக இறங்குகிறது. நம் ஆட்கள் யாரும் அப்படிச் சீவ மாட்டார்கள். மரத்துக்கு எதிரே நின்றால் இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. பட்டைக்குள் பால்குழாய்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன. இப்படிச் சீவினால்தான் நிறைய அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். பார்க்க வருகிறவர்களுக்கு இது தெரியாமல் போகலாம். மரம் சீவினவன் மகள் வரைந்தது சரியாக இருக்க வேண்டும். திருத்திவிடு.

சாமிப் படங்கள் மாட்டிய சுவர் ரொம்பப் பிடித்தது. முருகனுக்குப் பக்கத்திலேயே தாத்தாவின் பங்குப் பத்திரம்! தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டியது. அந்தப் பத்திரத்தின் கண்ணாடியில் அவர் பூசுகிற விபூதியைக்கூட நீ விடவில்லை.

ஆனால் முகங்களில் ஏன் இவ்வளவு சோகம்? கஷ்டப்பட்டோம்தான். அதற்காகத் தீமிதி அன்றும் அழுதுகொண்டா இருந்தோம்? அன்று லயமே சிரிப்பும் சத்தமுமாக இருக்குமே, நீதான் என் தோளில் உட்கார்ந்து பார்த்தாயே.

பால்குடம் தூக்கிப் போகிற பெண்ணை முதுகுப் பக்கமாக வரைந்திருக்கிறாய். எனக்கு அதுவே போதும், நடையிலேயே தெரிந்துவிட்டது. தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா காரியம் முடிந்து போனவள் நீ... சரி, அதை விடு.

இருமல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டு. அவளும் சாதாரண இருமல்தான் என்றாள். சன்னலை மூடிக்கொண்டு உட்காராதே.

இந்த வருஷத் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அம்மா பேரில் எழுதியிருக்கிறேன். ரயிலில் வந்தால் ஈப்போவில் இறங்கு, எந்த நேரமானாலும் தம்பி காரோடு நிற்பான். வர முடியாவிட்டால், முடியாது என்றாவது போன் செய்து சொல்.

அப்பா