ஆடிப் பதினெட்டுக்கு வந்துவிடு, கண்ணு

பவானி

கண்ணுக்கு அப்பா எழுதுவது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ போன் எடுத்து மூன்று வாரமாகிறது. அப்படி என்ன சொல்லிவிட்டேன்? வீடியோ கேம் கலையில்லை என்றுதானே? ரூம் வாடகை கட்டியாச்சா என்று பாப்பாவிடமாவது ஒரு வரி சொல். ஆபீஸ் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பெருந்துறை மாமன் ஏதோ சொன்னார். அவர் சொல்வதை நாம் எப்போது நம்பியிருக்கிறோம்?

போன வாரம் பாப்பாவின் லேப்டாப்பில் 'வெண்பா' என்ற வீடியோ கேம் ஆடினேன். 2023-ல் வந்தது, நீதான் அன்றைக்கே சொன்னாய். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அந்த அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. முதலில் இட்லி. அடுப்படிப் பக்கமே போகாதவன் நான், இரண்டு தரம் கெடுத்தேன். மகன் கவின் வளர வளரத் தமிழை விட்டு விலகிப் போகிறான். சினிமாவாக இருந்தால் பாவம் என்று எழுந்து போயிருப்பேன். இதில் சமைத்தது என் கை. அதனால் விட்டுப் போக முடியவில்லை.

ஜெயிப்பதும் தோற்பதும் எப்படிக் கலையாகும் என்று உன்னிடம் கத்தினேன். 2010-ல் ரோஜர் ஈபர்ட் என்ற அமெரிக்க சினிமா விமர்சகரும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினாராம். 2012-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் பேக்-மேன், டெட்ரிஸ் எல்லாம் சேர்த்து 14 விளையாட்டுகளை வாங்கி வைத்தது என்று பாப்பா படித்துக் காட்டினாள். சரி, அவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு விளங்கியது தறியில் உட்கார்ந்தபோதுதான். ஜமக்காளம் ஆள் உட்காருகிற சாமான், கல்யாணத்தில் ஊரே மிதிக்கும். புவிசார் குறியீடு ஜமக்காளத்துக்குக் கிடைத்தது, அதை நெய்த உன் தாத்தா, நம் அப்பாரு, கூலிக்காரராகவே போனார். அவர் பட்டைக்குப் பட்டை நிறம் சேர்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஆள் புழங்குவதால் அது கலையில்லை என்று எவர் சொன்னாலும் ஒப்ப மாட்டேன். அப்புறம் உன் விளையாட்டை மட்டும் எந்த வாயால் சொல்வேன்?

கண்ணு, நீ பன்னிரண்டாவது படிக்கும்போது அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேனே, அதில் நீ செய்த விளையாட்டு இருந்தது. அந்த விளையாட்டில் அப்பாரு குழித்தறியில் உட்கார்ந்து நாடா எறிவார். "ஒருவாட்டி ஆடிப் பாருங்கப்பா" என்று மூன்று நாள் கேட்டாய். நான் பார்க்கவில்லை. மார்க் போய்விடும் என்ற பயம். பயந்து செய்தாலும் செய்தது நான்தான். அப்பாரு தறியில் இருக்கிற மாதிரி ஒரு போட்டோகூட நம்மிடம் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தவரையும் எடைக்குப் போட்டுவிட்டேன்.

ராத்திரி கண் விழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. பணம் வேண்டுமென்றால் கேள், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன். ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறைக்கு வந்துவிடு. வண்டி எத்தனை மணிக்கு வந்தாலும் ஈரோடு ஸ்டேஷனில் நிற்பேன்.

அப்பா