அம்மாவுக்கு, ஸ்காபரோவிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்களதும் அப்பாவினதும் நலமறிய ஆவல். சென்ற கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "உது கனடாவுக்குப் போன பிறகு வந்த எண்ணமோ?" என்று கேட்டீர்கள். நீங்கள் கோபத்தில் கேட்கவில்லை என்று தெரிந்ததால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இல்லை அம்மா. நான் பெண்பிள்ளை இல்லை என்ற எண்ணம் யாழ்ப்பாணத்திலேயே, அதுவும் சண்டைக்கு நடுவில்தான் வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பிச் செம்மணி வழியாக நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க ஓர் அடி எடுத்து வைக்கவே நெடுநேரம் பிடித்தது. மழையில் என் உடுப்பு தெப்பமாய் நனைந்துபோக, பெரியம்மா மகனின் காற்சட்டையையும் சேட்டையும் நீங்களே எனக்குப் போட்டுவிட்டீர்கள். சாமான் கட்டிய சைக்கிளைத் தள்ளிவந்த ஒரு கிழவர், "தம்பி, இதை ஒருக்காப் பிடி" என்று என்னைக் கூப்பிட்டார். ஊரே வீடுவாசலை விட்டு அழுதுகொண்டு போன அந்த வேளையில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அப்படி வந்ததற்காகப் பல வருடம் வெட்கப்பட்டேன்.

பிறகு சாவகச்சேரியில், ஏழெட்டுக் குடும்பங்களோடு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கியிருந்தபோது நான் பெரியபிள்ளையானேன். வாங்குகளை அடுக்கிச் சேலையால் மறைத்து, இரண்டு வாளித் தண்ணீர் வார்த்து முடித்தீர்கள். சாமத்தியச் சடங்கு செய்ய முடியவில்லையே என்று இன்றைக்கும் குறைப்படுகிறீர்கள். சேலை உடுத்தி, நகை பூட்டி, ஊரைக் கூட்டி இருத்திப் படம் பிடித்த அல்பம் ஒன்று நம் வீட்டில் இல்லாமற் போனதுதான் இடப்பெயர்வு எனக்குச் செய்த ஒரே உதவி.

விடுதலைப் புலிகள் இயக்கப் பெண்களை நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பின்னலை மடித்துக் கட்டி, சேட்டும் நீளக் காற்சட்டையுமாக அவர்கள் ஒழுங்கையால் போகும்போது, பிற பெண்களின் பாவாடை நீளத்தைக்கூட அளந்து பேசும் மாமிமார் வாய் திறக்கவில்லை. 1987 ஒக்ரோபரில் கோப்பாயில் இயக்கத்தின் முதல் பெண் போராளியாக மாலதி சண்டையில் இறந்த காலத்தில் வியப்பாக இருந்த அந்தக் கோலம், நான் வளர்ந்த காலத்தில் ஊருக்குப் பழகிவிட்டிருந்தது. நானும் போய்விடலாமா என்று யோசித்ததுண்டு. ஆனால் அவர்கள் பெண்களாகவே போனார்கள், பெண்களுக்கெனத் தனியாக இருந்த படையணிகளிலேயே நின்றார்கள். துவக்கோடு சேர்த்து எடுத்தால் மட்டும் காற்சட்டை கிடைக்கும் என்றிருந்த ஊரில், துவக்கு வேண்டாம் என்ற பிள்ளை எங்கே போவது?

1996இல் இராணுவத்தின் கீழ் வீடு திரும்பிய பிறகு நிலைமை இன்னும் இறுகியது. சோதனைச் சாவடிகளில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த நான் எந்த வரிசையில் நின்றாலும் சந்தேகம். பதினாறு வயதில் எடுத்த அடையாள அட்டையின் எண்ணே என்னைக் காட்டிக்கொடுத்தது. அந்தக் காலத்து அட்டைகளில், பிறந்த ஆண்டுக்கான இரண்டு இலக்கங்களுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் குறிக்கும். பெண் என்றால் அதோடு 500 கூட்டிவிடுவார்கள். எண்ணையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த சிப்பாய்க்கு நான் யாரென்பது விளங்காதபோதெல்லாம், வாசலில் எனக்காக நீங்கள் காத்து நின்றீர்கள். அதனால்தான் அந்தக் காலத்தில் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருந்த பயமே உங்களுக்குப் போதும்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று எழுதமாட்டேன். இரவு வேலை, குளிர், கலியாண மண்டபத்தில் என்னைக் கண்டதும் வேறு மேசைக்குப் போகும் சொந்தம் எல்லாம் உண்டு. ஆனால் நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டத்தில் 2012இலும், மத்திய அரசின் சட்டத்தில் 2017இலும் பாலின அடையாளத்தைச் சேர்த்துவிட்டார்கள். 2016 முதல் இந்த மாகாணம் வழங்கும் சுகாதார அட்டையில் ஆணா பெண்ணா என்று அச்சிடுவதில்லை. தமிழ்க் கடையில் காசு வாங்கும் பிள்ளை, "அண்ணை, பை வேணுமோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறது. இலங்கையிலும் அதே 2016இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. மனநல வைத்தியரின் சான்றிதழோடு பிறப்புப் பதிவைத் திருத்தலாம். ஆகவே கனடா தந்த எண்ணம் என்று ஊரில் யாரும் சொன்னால், இந்தச் சுற்றறிக்கையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டு விசயம். மூத்த மகளின் சீதனமென்று எனக்கு ஒதுக்கிய வீட்டை யாருக்கு எழுதுவது என்று அப்பா கேட்டிருந்தார். தங்கச்சியும் மருமகனும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தைத் தங்கச்சி பெயருக்கே முடிக்கச் சொல்லுங்கள். நொத்தாரிசுச் செலவை நான் அனுப்புகிறேன். தமையன் கொடுத்த சீதனம் என்று அவள் சொல்லிக்கொள்ளட்டும். கிணற்றடிப் பக்கத்து மதிலையும் அதோடு கட்டிவிட வேண்டும். மேசனிடம் விலை கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்