அறிவியல் மன்றத்தின் 2023–24ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான செயல்பாடுகளை இப்பேரவையின் முன் வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23 அன்று மாலை நம் கூடத்தில் நிற்கவும் இடமில்லை. 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியை ஒட்டித் தரையிறங்கியபோது எழுந்த கைதட்டல் தெருமுனை வரை கேட்டது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று சொன்னதும் மாணவர்களின் முகம் மாறியதைக் கண்டேன். ஆனால் அடுத்த கூட்டத்தில் நாம் பேசிய செய்திதான் எனக்கு அதைவிடப் பெரிது. லேண்டர் நிலவின் மண்ணில் செருகிய வெப்பமானி, மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் காட்டியது. 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி. நான்கு விரற்கடை ஆழத்துக்குள் இத்தனை வேறுபாடு! காற்றில்லாத இடத்தில் தளர்ந்து கிடக்கும் தூசி வெப்பத்தை எளிதில் கீழே கடத்துவதில்லை என்று விளக்கிய பிறகு, ஒரு மாணவி மறுவாரமே கடற்கரை மணலில் வெப்பமானியைச் செருகி அளந்து வந்தாள். இந்த ஆண்டில் மன்றம் செய்த மிக நல்ல காரியம் அதுவே என்பேன்.

செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி தலைமையேற்ற, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் பற்றி டிசம்பர் 17, ஞாயிறன்று பேசுவதாக இருந்தோம். அன்றுதான் மழை வந்தது.

அந்த மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். குமரிக்கடல் பக்கம் நிலவிய மேலடுக்குச் சுழற்சியால், 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். செய்தியில் வாசிக்கும்போது அது வெறும் எண். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் ஏறக்குறைய 38,000 லிட்டர். மூன்று தண்ணீர் லாரிகளை ஒவ்வொரு சென்ட்டிலும் கொட்டியதற்குச் சமம். தாமிரபரணி கரை புரண்டதற்கும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்ததற்கும் வேறு விளக்கம் வேண்டியதில்லை. நம் கூடத்திலும் முழங்கால் அளவு நீர் நின்றது. கீழ்த்தட்டு இதழ்கள் அனைத்தும் போயின.

ஒரு நாள் மழையை மட்டும் வைத்துப் பருவநிலை மாற்றம் என்று தீர்ப்பெழுதக் கூடாது. ஆயினும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 2023இல் உலகின் சராசரி வெப்பம் சுமார் 1.45 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்திருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காமல் நம் கடற்கரையில் இனி வீடு கட்டவோ குளம் தூர்வாரவோ கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஜனவரிக் கூட்டம் எலிக்காய்ச்சல் பற்றியது. வெள்ளநீரில் கலந்த கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் போகும் என்று மருத்துவர் ஒருவர் விளக்கினார். தள்ளிப்போன ஆதித்யா உரை பிப்ரவரியில் நடந்தது. அதற்குள் விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்துவிட்டது.

பிப்ரவரி 28 அன்று நம் மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். அதற்கு எரிபொருள் செலவாகும். குலசையிலிருந்து நேரே தெற்கே போகலாம். சிறிய ராக்கெட்டுகளுக்கு இந்த மிச்சம் பெரிது. ஏவும் நாள்களில் கடலுக்குப் போகலாமா என்று மீனவ உறுப்பினர்கள் கேட்டது நியாயமான கேள்வி. மார்ச் கூட்டத்தில் அதற்கு முழுமையான விடை தர இயலவில்லை. தகவல் திரட்டி மீண்டும் வைப்பேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நனைந்த இதழ்களுக்கு மாற்றாகத் தங்கள் வீட்டுப் பிரதிகளைக் கொடுத்தவர்களுக்கு மன்றத்தின் நன்றி.

இறுதியாக ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கூடத்தின் மாடியில் மழைமானி ஒன்று வைக்க வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்துப் பதிவேட்டில் எழுத, வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவண்,
செயலாளர்