மேயர் அட்லியையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளமெண்ட் அட்லியைப் பற்றி உங்கள் சுதந்திர நாள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1947 பிப்ரவரி 20 அன்று இந்தியர்களிடம் ஆட்சியை ஒப்படைப்பதாக அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் செய்த அறிவிப்பும், ஜூலையில் நிறைவேறிய இந்திய சுதந்திரச் சட்டமும் அதில் தெளிவாக விளக்கப்பட்டிருந்தன. ஆனால் அதற்கு முந்தைய அட்லியை, 'உள்ளூர் அரசியலில் சில காலம் இருந்துவிட்டு' என்று அரை வரியில் கடந்துவிட்டீர்கள். முப்பத்தொரு ஆண்டுகள் நகராட்சியில் துப்புரவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். அந்த அரை வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அட்லி வசதியான வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை. 1905இல் லண்டனின் கிழக்கே ஸ்டெப்னி என்ற பகுதியில் (காரில் நாம் வைத்திருக்கும் ஸ்டெப்னி அல்ல, இது ஊர்ப்பெயர்) ஏழைச் சிறுவர்களுக்கான மன்றம் ஒன்றில் உதவி செய்யப் போனார். போனவர் பிறகு அங்கேயே குடியேறிவிட்டார். துறைமுகத்தில் அன்றன்று கூப்பிட்டால்தான் கூலி என்று வாழ்ந்தவர்கள் அந்தப் பகுதி மக்கள். அந்தத் தெருக்களில் பார்த்தவைதான் அவரைச் சோசலிசத்தின் பக்கம் கொண்டுவந்தன. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிபோலி வரை போய்ச் சண்டையிட்டுவிட்டு, மேஜராகத் திரும்பிய பின்பும் அதே ஸ்டெப்னிக்குத்தான் வந்தார். 1919இல் அந்த ஊரின் மேயரானார்.

மேயராக அவர் என்ன செய்தார் என்பதைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பாழடைந்த வீடுகளை வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்தவர்களுக்கு, பழுதுபார்த்துக் கொடுக்கும்படி நோட்டீஸ் அனுப்பி, அதை நிறைவேற்றவும் வைத்தது அவருடைய நகர்மன்றம். சுகாதாரப் பார்வையாளர்களையும் துப்புரவு ஆய்வாளர்களையும் நியமித்தது. அங்கே கைக்குழந்தைகளின் இறப்பு குறைந்தது.

நோட்டீஸ் எழுதுவது பெரிய வேலையில்லை. எழுதிய மறுநாள் காலையில் தொலைபேசி அடிக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. நான் பணியாற்றிய ஓர் ஊரில், கழிவறைக் குழாயைத் தெருச் சாக்கடையில் இணைத்திருந்த ஒரு செல்வாக்கான வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்தேன். மூன்று பக்கத்திலிருந்தும் அழுத்தம் வந்தது. அப்போதைய நகர்மன்றத் தலைவர் நேரில் வந்து சாக்கடையைப் பார்த்தார். "நோட்டீஸ் நிற்கட்டும்" என்றார். இரண்டே வாரத்தில் அங்கே செப்டிக் டேங்க் கட்டப்பட்டது. அட்லியின் மேயர் காலத்தைப் பற்றிப் படிக்கும்போது, எனக்கு அந்தத் தலைவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

1922இல் அதே பகுதியில் அடங்கிய லைம்ஹவுஸ் தொகுதியில் வென்று அட்லி நாடாளுமன்றம் போனார். 1935 முதல் இருபது ஆண்டுகள் தொழிற்கட்சியின் தலைமை, 1945இல் பிரதமர் பதவி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. 1948 ஜூலை 5 அன்று, பணம் இல்லாதவருக்கும் மருத்துவம் என்ற தேசிய சுகாதாரச் சேவை அவருடைய ஆட்சியில் தொடங்கியது. ஸ்டெப்னியின் ஈரச்சுவர் வீடுகளுக்குள் போய்ப் பார்த்திராத ஒருவர், அதற்கு அவ்வளவு உறுதியாகத் துணை நின்றிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. அதற்காக அவர் தவறே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய பிரிட்டன் அமைத்த, இந்தியர் ஒருவர்கூட இல்லாத சைமன் குழுவில் 1928இல் இங்கே வந்தவர்களில் அவரும் ஒருவர். நம்மவர்கள் பிடித்த கறுப்புக் கொடி அவருக்கும் சேர்த்துத்தான்.

நம் ஊரிலும் இந்தப் பாதை இருந்தது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். காமராஜர் 1941இல் சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும், முழுமையாக உழைக்க முடியாத பதவி தமக்கு வேண்டாம் என்று விலகினார். நகராட்சித் தலைவர் வேலை எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று நிலை என்ன? ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே 1993 முதல் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டு நகராட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. இடையில் எல்லாம், மக்கள் தேர்ந்தெடுக்காமல் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. சாக்கடை அடைத்துக்கொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் மக்கள் எங்கள் அலுவலக வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊரகப் பகுதிகளில், 2025 ஜனவரியில் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தலே நடக்காத அந்த ஆண்டுகளில் கவுன்சிலராகத் தொடங்கியிருக்க வேண்டிய இளைஞர்கள் எத்தனை பேர்! அவர்கள் எங்கே போய் வேலை கற்றுக்கொண்டிருப்பார்கள்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் வேட்பாளர் அறிமுகம் வெளியிடும்போது, படிப்பு, சொத்து, சாதிக் கணக்கு ஆகியவற்றோடு இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள். முன்பு கவுன்சிலராகவோ ஊராட்சித் தலைவராகவோ இருந்திருந்தால், அந்த வார்டில் எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது, எந்தத் தீர்மானத்தை எதிர்த்தார், எத்தனை கூட்டங்களுக்கு வந்தார் என்று விசாரியுங்கள். மன்றத்தின் கூட்டக் குறிப்பேடுகளில் அவை இருக்கும். உங்கள் செய்தியாளர்களுக்கு எந்தப் பதிவேட்டில் என்ன கிடைக்கும் என்று காட்டித் தர என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற துப்புரவு ஆய்வாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்