வங்கியில் தொடங்கிய பிளவு

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் முதல் கட்சிகள் பற்றிய ஞாயிறு கட்டுரை, அன்றைய நிதியமைச்சர் ஹாமில்டன், வெளியுறவு அமைச்சர் ஜெபர்சன் இருவரின் தனிப்பட்ட பகையே எல்லாவற்றுக்கும் காரணம் என்பதுபோல் முடிகிறது. பகை இருந்தது, சரி. ஆனால் தேசிய வங்கி தொடங்க அரசமைப்புச் சட்டம் இடம் தருகிறதா என்ற 1791-ஆம் ஆண்டுக் கேள்வியில்தான் பிளவு வெளிப்பட்டது. 1798-இல் ஹாமில்டனின் கட்சியினரான ஃபெடரலிஸ்டுகள் கொண்டுவந்த தேசத்துரோகச் சட்டம் அரசை விமர்சித்த பத்திரிகையாளர்களைச் சிறைக்கு அனுப்பியது. வெர்மான்ட் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் மேத்யூ லயனோ சிறையில் இருந்தபடியே மீண்டும் வென்றார்!

நான் பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில், வங்கி விவகாரத்துக்குக் கொட்டாவி விட்ட மாணவர்கள்கூட இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தச் சட்டத்தைப் பற்றியும், பிரதிநிதிகள் சபையில் 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகே முடிவான 1800 ஜனாதிபதி தேர்தலைப் பற்றியும் அடுத்த வாரம் எழுதச் சொல்லலாமே.

- ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்