கடைசி வரியை ஏன் வெட்டினாய்?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய நான்கு போட்டோக்கள் வந்துவிட்டன. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. தங்கச்சியை நேரத்துக்குச் சொட்டு மருந்து விடச் சொல். நீயாக விட்டால் பாதி கன்னத்தில்தான் போகும். இங்கே என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடி ஏறினால் மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

போன வருஷம் நான் பைத்தான் என்ற புரோகிராம் எழுதும் மொழி படிக்கிறேன் என்றபோது "பென்ஷன்காரனுக்கு வேற வேலை இல்லையா" என்று சிரித்தவன் நீ. இப்போது சிவகாசியிலிருந்து எனக்கே சந்தேகம் கேட்டு எழுதுகிறாய். சரி, சிரிக்க மாட்டேன்.

முதலில் உன் 20050 கதை. கல்யாணப் பத்திரிகை 200, அப்புறம் பார்ட்டி கூடுதலாகக் கேட்ட 50. இரண்டையும் கூட்டச் சொன்னால் 20050 என்கிறது, "இதுக்குக் கணக்கே தெரியலை" என்று எழுதியிருக்கிறாய். கணக்கு அதற்குத் தெரியும், நீ கணக்கு கேட்கவில்லை. கீபோர்டில் எதைத் தட்டினாலும் இன்புட் என்ற கட்டளை அதை எழுத்தாகத்தான் வாங்கி வைக்கும். நீ இருபது வருஷம் அச்சுக் கோத்தவன், உனக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. 2, 0, 0 என்று மூன்று ஈய எழுத்துகளைக் கோத்து, பக்கத்தில் 5, 0 கோத்தால் என்ன வரும்? அதைத்தான் அது செய்திருக்கிறது. எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டும். 200ஐ மூன்றால் பெருக்கிப் பார், 200200200 என்று வரும். எண்ணாக மாற்ற வேண்டுமானால் வாங்கும்போதே இன்ட் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் கொடு. சந்தேகம் வந்தால் டைப் என்று கேட்டுப் பார், ஸ்ட்ரிங்கா, அதாவது எழுத்துக் கோவையா, எண்ணா என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது அந்த நான்கு போட்டோ. லேப்டாப் திரையைச் சாய்த்துப் பிடித்து எடுத்திருக்கிறாய், டியூப்லைட் நடுவில் மின்னுகிறது. அதுகூடப் பரவாயில்லை. சிவப்பாக வந்த எரரில் மேலே உள்ள ஆறேழு வரியை எடுத்துவிட்டுக் கடைசி வரியை வெட்டிவிட்டாயே! பைத்தானின் எரரைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். மேலே இருப்பதெல்லாம் எங்கிருந்து எங்கே போனது என்ற வழித்தடம். என்ன தப்பு என்பது கடைசி வரியில்தான் இருக்கும். நீ 200ஐ எண்ணாக மாற்றிவிட்டு, பழைய வழக்கப்படி "மொத்தம்" என்ற சொல்லோடு அதை ஒட்டப் பார்த்திருப்பாய், எழுத்தோடு எண் ஒட்டாது என்று அது சண்டை போட்டிருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான். கடைசி வரி இருந்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை.

கடிதத்தில் கையால் எழுதி அனுப்பிய புரோகிராமும் உதவவில்லை. அதை நான் அப்படியே தட்டிப் பார்த்தேன், ஒழுங்காக ஓடுகிறது. எழுதும்போது உன் கை தானாகவே தப்பைத் திருத்திவிட்டது. ப்ரூஃப் பார்த்த கை அல்லவா. காப்பி பேஸ்ட் செய்து அனுப்பு.

இதையெல்லாம் நான் பெரிய மேதாவி மாதிரி சொல்கிறேன். நான் பட்ட பாட்டைக் கேள்.

கூட்டுறவு வங்கியில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். "சார், பணம் ஏறலை" என்று ஒருவர் வந்து நிற்பார். பாஸ்புக் எங்கே? வீட்டில். எந்தத் தேதி? போன மாசம் இருக்கும். எவ்வளவு? மகன்தான் போட்டான். எனக்கு எரிச்சல் வரும், குரலிலும் காட்டுவேன். போன ஆவணியில் அதே ஆளாக நான் போய் நின்றேன்.

எங்கள் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு இந்த வருஷம் நான்தான் பொருளாளர். தலைக்கட்டு வரிப் பட்டியல் எக்ஸெலில் தமிழில் இருக்கிறது, 212 வீடு. யார் கட்டியது, யார் பாக்கி, யாருக்கு அரை வரி என்று பைத்தானில் பிரித்து எடுக்கலாம் என்று, அதைச் சிஎஸ்வியாக, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு இறங்கினேன். முதல் வரியிலேயே மண்டையைப் போட்டது. பக்கத்து வீட்டுப் பெண் திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள், சனிக்கிழமை வருவாள். அவளிடம் போய், "அம்மாடி, பைத்தான் வேலை செய்யலை" என்றேன்.

"என்ன எரர் பெரியப்பா?"

"ஏதோ எரர். நீளமா இருந்துச்சு. மூடிட்டேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கவுண்டரில் பார்ப்பேனே, அதே பார்வை. என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாள். அப்புறம் இன்னொன்று சொன்னாள்: 212 வரியைக் கொண்டு வராதீர்கள், அதே எரர் வருகிற மாதிரி எவ்வளவு சின்னதாக வெட்ட முடியுமோ வெட்டிக்கொண்டு வாருங்கள்.

இந்த இரண்டாவது வேலையில்தான் எனக்கு விடிந்தது. தலைப்பு வரியை எடுத்துவிட்டு, பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு பெயர் மட்டும் வைத்தேன். கமலா. எரர் இல்லை. ஆனால் திரையில் கமலா இல்லை, கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாக ஏதோ குப்பை. மீனா, அதே குப்பை. சீதா, குப்பை. முருகன் என்று போட்டேன், படார் என்று விழுந்தது! கண்ணன், விழுந்தது. ராஜா விழவில்லை, ராஜு விழுந்தது. இது என்னடா, பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் பிடிக்கிறதா என்று பார்த்தால் செல்வி, லட்சுமி எல்லாரும் மாட்டினார்கள். ராத்திரி பதினொன்றரை வரை ஒரு நோட்டில் விழுந்த பெயர் ஒரு பக்கம், தப்பித்த பெயர் ஒரு பக்கம் என்று எழுதினேன். விழுந்த பெயர்களில் எல்லாம் புள்ளி இருந்தது, இல்லையென்றால் உகரம் இருந்தது.

சனிக்கிழமை நோட்டைக் காட்டினேன். அவளுக்கே காரணம் உடனே தெரியவில்லை, பத்து நிமிஷம் தேடிவிட்டுச் சொன்னாள். யுடிஎஃப்-8 என்ற யுனிகோடு முறையில் எழுதிய தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் கோப்பில் மூன்று பைட், அதாவது 0 முதல் 255 வரைக்குள் மூன்று எண். என் விண்டோஸில் பைத்தான், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய அட்டவணையை வைத்துப் படிக்கிறது. அந்த அட்டவணையில் 256 கட்டம், அதில் ஐந்து கட்டம் காலி. புள்ளியின் மூன்றாவது பைட் அந்த ஐந்தில் ஒரு காலிக் கட்டத்தில் போய் விழுகிறது. உகரக் குறியின் மூன்றாவது பைட் இன்னொன்றில். ஏ, ஐ இரண்டுக்கும் இதே கதி. மற்ற எழுத்துகளுக்குக் கட்டத்தில் ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்து இருப்பதால் குப்பையாகவாவது வந்துவிடுகின்றன. முதலில் வந்த எரரில் 17ஆவது இடம் என்று இருந்ததும் சரியாகப் பொருந்தியது. என் தலைப்பு "பெயர்". ஐந்து குறி, பதினைந்து பைட். அதற்கு முன்னால் எக்ஸெல் ஒட்டுகிற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அந்த "ர்"இன் புள்ளியிலேயே 17. தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் வைத்த புள்ளி, மாப்ளே!

மருந்து ஒரே சொல். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று கொடுப்பது. கொடுத்தேன், பெயரெல்லாம் அழகாக வந்தது. ஆனால் "பெயர்" என்ற தலைப்பின் கீழ் வரும் பத்தியைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்றது, கண்ணெதிரே இருக்கிறது! இந்தத் தடவை பதறாமல் பத்திகளின் பட்டியலை அப்படியே பிரிண்ட் செய்து பார்த்தேன். "பெயர்" என்பதற்கு முன்னால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒரு குறியாக ஒட்டிக்கொண்டு நின்றது. யுடிஎஃப்-8-சிக் என்று மாற்றினால் அதையும் கழற்றிவிடும். இதை நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஏஐயிடம் கேட்டால் போதாதா என்று எழுதியிருந்தாய். கேட்கலாம், நானும் கேட்கிறேன். எரரின் கடைசி வரியைக் கொடுத்து "இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்டால் நன்றாகவே சொல்லும். "எனக்குப் புரோகிராம் எழுதிக் கொடு" என்று கேட்டுவிடாதே. எனக்கு ஒரு சொல் தேவைப்பட்ட இடத்தில் அறுபது வரி கொடுத்தது, கூடவே புதிதாக ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொன்னது. அதில் எரர் வந்தது. இப்போது யாருடைய தப்பு என்றே தெரியாத ஒரு எரர் என் கையில். அதை அழித்துவிட்டுப் பழைய பன்னிரண்டு வரிக்கே திரும்பினேன்.

மகனின் பழைய காலேஜ் புத்தகத்தை வைத்துப் படிக்கிறேன் என்றாயே, அதை மூடி வை. அதில் பிரிண்ட் என்பதற்கு அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2. மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது, இரண்டுக்கு 2020 ஜனவரி 1உடன் பராமரிப்பையே நிறுத்திவிட்டார்கள். யாரிடம் கேட்டாலும் எந்தப் பதிப்பு என்று முதலில் சொல். 3.10இலிருந்து எரர் செய்தியே நிறைய மேம்பட்டிருக்கிறது. அடைப்புக்குறியை மூடவில்லை என்றால், எந்தக் குறியைத் திறந்துவிட்டு மூடவில்லை என்று சொல்கிறது. முன்பெல்லாம் அதற்கு அடுத்த வரியைக் குற்றம் சொல்லும்.

அப்புறம், உன் புரோகிராம் கோப்புக்கு சிஎஸ்வி என்றே பெயர் வைத்துவிடாதே. நான் வைத்தேன். பைத்தானுக்குள் அதே பெயரில் ஒரு நூலகம், அதாவது ஆயத்தமாக எழுதி வைத்த புரோகிராம், இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் என் கோப்பு "நான்தான்" என்று வந்து நின்றது. இரண்டு நாள் போயிற்று. 3.13இல் பெயரை மாற்றிப் பார் என்று அதுவே சொல்கிறதாம், என்னிடம் இருந்தது பழசு.

வங்கிக்காரன் என்பதால் இதையும் எழுதுகிறேன். ஆண் துணையில்லாத வீட்டுக்கு அரை வரி. போன கொடைக்கு வரி 1,751, பாதி 875.50. ரவுண்டு செய்தால் 876 வந்தது, சரி. இந்த வருஷம் 2,001, பாதி 1,000.50. ரவுண்டு செய்தால் 1,000! ஐம்பது பைசாவை மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா? பைத்தான் 3இல் சரி பாதியாக நின்றால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். இதற்குப் பேரே பேங்கர்ஸ் ரவுண்டிங். என் சர்வீஸில் ஒரு நாளும் நான் இப்படிப் போட்டதில்லை, போட்டிருந்தால் ஆடிட்டர் என்னை விட்டிருக்க மாட்டார். கமிட்டியில் விளக்கிப் பார்த்தேன். "அம்மனுக்கு ஒரு ரூபா குறையுதா கூடுதா, அதை மட்டும் சொல்லும்" என்றார்கள். 1,001 என்று கையால் போட்டுவிட்டேன்.

இப்போது என் கேள்வி. முறைப்படியே கேட்கிறேன். ரசீதுப் பட்டியலில் பெயர் ஒரு பத்தி, தொகை ஒரு பத்தி. பெயருக்குப் பின்னால் இடைவெளி போட்டு எல்லாப் பெயரையும் 20 எழுத்து அகலமாக்கினேன். தொகைகள் நேர்கோட்டில் நிற்கும் என்று நினைத்தேன். பாம்பு மாதிரி வளைந்து போகிறது. "தமிழ்" என்பதைப் பைத்தான் ஐந்தாக எண்ணுகிறது, நமக்கு மூன்று. அதனால் ஓப்பன்-தமிழ் நூலகத்தை வைத்து எழுத்தைச் சரியாகப் பிரித்து மூன்றாக எண்ண வைத்தேன். வளைவு குறைந்தது, போகவில்லை. "ணை" எவ்வளவு அகலம், "ர" எவ்வளவு ஒல்லி! அந்தப் பெண்ணுக்கு இதில் வழி தெரியவில்லை. ஈய எழுத்தில் விலைப்பட்டியல் கோக்கும்போது பெயர் எந்த அகலத்தில் முடிந்தாலும் தொகையை ஒரே கோட்டில் எப்படி நிறுத்துவாய்? தொகையை முதலில் கோத்துவிட்டுப் பெயரைப் பின்னால் வைப்பாயா, அல்லது இடையில் ஏதாவது கட்டை வைத்து நிரப்புவாயா? மூன்று பெயரோடு ஒரு சின்னக் கோப்பும் அதன் பிரிண்டும் இதே உறையில் வைத்திருக்கிறேன். முருகன், கமலா, இசக்கியம்மாள்.

கொடை சித்திரை மூன்றாம் செவ்வாய். தங்கச்சியோடு திங்கட்கிழமையே வந்துவிடு. லேப்டாப்பையும் எடுத்துவா.

உன் மச்சான்