எங்கள் மகனின் வலக்கைக்காக உழைத்த எல்லாருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மகன் இருபத்தெட்டாவது வாரத்திலேயே பிறந்தவன். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இந்த மாதம் அவனுக்கு இரண்டு வயது நிறைகிறது. திருநெல்வேலியில் அவனுக்காக நின்ற எல்லாருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். அனுமதி கேட்காமல் யார் பெயரையும் போட மனம் வரவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி பச்சிளங்குழந்தைப் பிரிவின் டாக்டர் அம்மாவுக்கு. வார்மர் என்னும் சூடு தரும் படுக்கையில் கிடந்தவனை இடம் மாற்றாமல், உச்சிக்குழியில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் பார்த்தவர் அவர்தான். அந்த இடத்தில் எலும்பு சேராததால் ஒலியலை தடையில்லாமல் உள்ளே போகுமாம். மூளைக்குள் இடப்பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. இந்தக் கசிவை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறை 1978இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வகுக்கப்பட்டது. இவனுடையது நான்காவது நிலை, இருப்பதிலேயே கடுமையானது. குறைமாதத்தில் பிறக்கும்போது மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளை ஒட்டிய ரத்தக்குழாய்கள் மிக மெலிதாக இருக்கும், கசிவு பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும், நான் குனிந்ததாலோ நிமிர்ந்ததாலோ வந்ததல்ல என்று எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தபின், டாக்டர் குறித்திருந்த பிரசவத் தேதியை ஒட்டி எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். மயக்க மருந்து கிடையாது. ஸ்கேன் அறை அண்ணன் எங்களுக்காக வரிசையையே மாற்றிப் போட்டார். "பால் குடிச்சாச்சாம்மா? ஏப்பம் விட்டுட்டானா? அவசரமே இல்ல, நல்லா தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஆச்சி ஆசையாகக் கட்டிவிட்ட வெள்ளி அரைஞாணை சிஸ்டர் பதனமாக அவிழ்த்து, ஒரு தாளில் மடித்து ஆச்சி கையிலேயே கொடுத்தார். காதுக்குப் பஞ்சும் மேலே மூடியும் வைத்து, துணியில் இறுகச் சுற்றி உள்ளே அனுப்பினார்கள். அத்தனை சத்தத்திலும் அவன் கண் திறக்கவில்லை.

அந்தப் படத்தை எங்களுக்கு விளக்கிய ரேடியாலஜி டாக்டருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ரிப்போர்ட்டைக் கையில் திணித்து அனுப்பாமல், என்னையும் என் கணவரையும் கணினி முன்னால் உட்கார வைத்தார். மூளையிலிருந்து கைகால்களுக்குக் கட்டளை இறங்கும் நரம்புப் பாதையில், குறித்த பிரசவத் தேதி நெருங்கும்போது மயலின் என்னும் உறை படியத் தொடங்கும். படத்தில் அது இரண்டு பக்கமும் சின்ன வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும் என்றார். வலப்பக்கம் கோடு பளிச்சென்று இருந்தது. இடப்பக்கம் மங்கல். மூளையின் இடப்பக்கம்தான் வலக்கையை இயக்குமாம். "வலக்கை பலவீனமா இருக்க வாய்ப்பு அதிகம். இப்பவே ஆரம்பிச்சிடலாம்" என்றார். கை மடங்கிப் போகும் முன்பே அதைச் சொன்னாரே, எங்களுக்கு அதுதான் பெரிய உதவி.

அந்த வெள்ளைக் கோட்டை வைத்தே கைகால் பலவீனத்தை முன்கூட்டி அறியலாம் என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டாக்டர் லிண்டா டி விரீஸ் குழுவினர் 1999இல் எழுதியதைப் பின்னால் படித்தேன். அவர்களுக்கும் நன்றி. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலும் முப்பது வாரத்துக்குள் பிறந்த 167 குழந்தைகளுக்கு இதே போல எம்ஆர்ஐ எடுத்து, இரண்டு வயது வரை தொடர்ந்து பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மூளையில் நரம்பு இழைகள் ஓடும் வெண்பகுதியில் சேதம் கூடக் கூடப் பின்னால் வரும் சிரமமும் கூடியது. ஆனால் படம் மோசமாக இருந்தும் நன்றாக வளர்ந்த பிள்ளைகள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் திணறிய பிள்ளைகளும் உண்டு. அந்த 167 வீட்டுத் தாய்மாரை நினைத்துக்கொள்கிறேன். தன் குழந்தை பிழைக்குமா என்ற கலக்கத்திலும் முன்பின் அறியாத பிள்ளைகளுக்காகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். அதன் பலனில் ஒரு பங்கு தாமிரபரணிக் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

வளர்ச்சியில் சிரமமுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தின் தெரபி அக்காவுக்கு எங்கள் வீடே கடன்பட்டிருக்கிறது. பிள்ளையை எல்லாரும் இடது இடுப்பில்தான் வைப்போம். அப்படி வைத்தால் அவன் வலக்கை என் முதுகுப் பக்கம் போய்விடும், வேலையில்லாமல் கிடக்கும் என்று காட்டினார். வலது இடுப்புக்கு மாற்றச் சொன்னார். இடக்கை பின்னால் போக, வலக்கை முன்னால் வந்து என் தாலிக்கயிற்றையும் தோடையும் பிடித்து இழுக்கத் தொடங்கியது. ஆறு பிள்ளைகளை இடது இடுப்பிலேயே தூக்கி வளர்த்த ஆச்சியும் இவனுக்காக இடுப்பை மாற்றிக்கொண்டார். கிலுகிலுப்பை, முறுக்கு, சாவிக்கொத்து எல்லாம் வலப்பக்கமாகவே நீட்டினோம். அவன் இப்போது நடக்கிறான். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். வலது விரல்கள் இன்னும் மெதுவாகத்தான் விரிகின்றன, பயிற்சி தொடர்கிறது.

தாய்ப்பால் தானம் தந்த தங்கைகள், ராத்திரி டியூட்டி சிஸ்டர்கள், காசு பேசாமல் வந்த ஆட்டோ அண்ணன், எல்லாருக்கும் நன்றி.

இப்படி ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா யாராவது இருந்தால் தெரபி அக்காவிடம் சொல்லுங்கள். என் எண் அவரிடம் இருக்கிறது. பயிற்சி நாளில் நான் அங்கேதான் இருப்பேன், கூட உட்கார்ந்து பேசலாம்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
திருநெல்வேலி